20-ஆம் நாளில் போட்ட ஊசியும் 35-ஆம் நாளில் போட்ட ஊசியும்

கவனக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மருந்தை எலிக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யாராவது கேட்டால், எலிக்கு எத்தனை நாள் வயது என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. இதை விளக்க 2001-லும் 2002-லும் அடுத்தடுத்து வந்த இரண்டு ஆய்வுகளை எடுத்துக்கொள்கிறேன். இரண்டிலும் அதே மருந்து, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு வேளைக்கு அதே 2 மில்லிகிராம், அதே மாதிரி வயிற்றறைக்குள் ஊசி. முதல் ஆய்வில் மருந்து ஏறிய எலிகள் பிற்பாடு கொகெய்னை அதிகமாகத் தேடின. இரண்டாவதில் மருந்து ஏறிய எலிகள் வளர்ந்து பெரிதானதும், நடுத்தர அளவு கொகெய்ன் கிடைத்த இடத்தை விட்டு விலகிப்போயின. முதல் குழு ஊசி போட்டது எலிகளின் 35-ஆம் நாளுக்கும் 42-ஆம் நாளுக்கும் இடையில். இரண்டாவது குழு போட்டது 20-ஆம் நாளில் தொடங்கி 35-ஆம் நாள் வரை.

ஏதோ இரண்டு வாரம் முன்னே பின்னே, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் எலியின் வாழ்க்கையில் அந்த இரண்டு வாரம் ஒரு முழுப் பருவம். ஏறக்குறைய 21-ஆம் நாளில் குட்டி பால்குடி மறக்கிறது. 28-இல் இருந்து 42 வரையிலான நாட்களை லிண்டா ஸ்பியர் போன்ற ஆய்வாளர்கள் விடலைப் பருவத்தின் மையப்பகுதியாக எடுத்துக்கொள்கிறார்கள் (சிலர் இதை 55, 60 வரைகூட நீட்டுவார்கள்). 60-ஐத் தாண்டினால் வளர்ந்த எலி என்று கணக்கு. ஆக 20-ஆம் நாளில் ஊசி வாங்குவது இன்னும் தாயின் மடியை விடாத குட்டி, 38-ஆம் நாளில் ஊசி வாங்குவது கூண்டெல்லாம் ஓடி, கூட்டாளிகளோடு உருண்டு புரண்டு, புதிதாக எதை வைத்தாலும் முதல் ஆளாகப் போய் மோந்து பார்க்கிற விடலை. இரண்டையும் சேர்த்து "இளம் எலி" என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிற கட்டுரைகள் இன்றைக்கும் வருகின்றன, அதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம்.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம். மெத்தில்ஃபெனிடேட்டை 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்கிற வேதியியலாளர் உருவாக்கினார், ரிட்டலின் என்ற பெயரில் அமெரிக்காவில் 1955-இல் அனுமதி கிடைத்தது. நரம்பு செல் ஒன்று டோபமைன், நோர்அட்ரினலின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள்களை வெளியே விட்ட பிறகு திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த இழுக்கும் வாயிலை இந்த மருந்து அடைத்துவிடுகிறது, அதனால் இரண்டும் வெளியே அதிக நேரம் தங்கி வேலை செய்கின்றன. ஆம்பெட்டமைன் ஒரு படி மேலே போய் உள்ளே இருப்பதையும் வெளியே தள்ளும். ஏ.டி.ஹெச்.டி. (கவனக் குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) உள்ள குழந்தைகளுக்கு இந்த இரண்டு வகை ஊக்கி மருந்துகளும்தான் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படுகின்றன, அதனால்தான் எலிக்குட்டியின் வயது இவ்வளவு முக்கியமாகிறது.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் மேலே போக முடியும். 1937-இல் ரோட் ஐலண்டில் சார்ல்ஸ் பிராட்லி 30 குழந்தைகளுக்கு பென்சிட்ரின் என்ற ஆம்பெட்டமைன் மருந்தைக் கொடுத்து, அவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பாடத்தில் திடீரென்று முன்னேறியதையும் பலர் அமைதியானதையும் எழுதினார். அதிலிருந்து, பெரியவர்களை முடுக்கிவிடுகிற மருந்து குழந்தைகளை மட்டும் அடக்குகிறது, குழந்தை மூளையில் அது தலைகீழாக வேலை செய்கிறது என்ற பேச்சு நிலைத்துப்போனது. 1978-இல் ஜூடித் ராப்போபோர்ட்டின் குழு எந்தக் கோளாறும் இல்லாத 14 சிறுவர்களுக்கு டெக்ஸ்ட்ரோஆம்பெட்டமைன் கொடுத்துப் பார்த்தது. அவர்களும் அசைவு குறைந்து, கவனம் கூடி, அமைதியாகத்தான் உட்கார்ந்தார்கள். ஆக அந்த அமைதி நோயாளிக்கு மட்டுமே உரிய தலைகீழ் விளைவு இல்லை.

இருந்தாலும் அந்தப் பேச்சு எலி ஆய்வுக்குள்ளும் புகுந்துவிட்டது, எந்த வயதுக் குட்டி அடங்குகிறது என்று தேட ஆரம்பித்தார்கள். 1976-இல் ஷேவிட்ஸ் குழு பிறந்த குட்டிகளின் டோபமைன் நரம்புகளை 6-ஹைட்ராக்ஸிடோபமைன் என்ற நச்சால் அழித்தபோது அந்தக் குட்டிகள் சில வாரங்கள் கட்டுக்கடங்காமல் ஓடின, ஊக்கி மருந்து கொடுத்ததும் அடங்கின. அது மூளை சேதமான குட்டி. சாதாரணக் குட்டிக்கு வழக்கமான ஊசி அளவில் கொடுத்தால் அதுவும் ஓடத்தான் செய்கிறது. எவ்வளவு ஓடுகிறது, திரும்பத் திரும்பக் கொடுத்தால் என்ன ஆகிறது, மருந்தை நிறுத்திப் பல வாரம் கழித்து என்ன மிச்சம் இருக்கிறது, இந்த மூன்றில்தான் வயது வேலை செய்கிறது. மூன்றும் தனித்தனிக் கேள்வி.

சரி, முதல் கேள்விக்கு வருவோம், ஒரே ஒரு ஊசி. விடலை எலிகள் ஆம்பெட்டமைனுக்கும் கொகெய்னுக்கும் வளர்ந்த எலிகளைவிடக் குறைவாகவே ஓடுகின்றன என்று ஸ்பியரும் பிரேக்கும் 1983-லேயே தொகுத்து எழுதிவிட்டார்கள். டோபமைனைத் தடுக்கும் ஹாலோபெரிடால் மாதிரி மருந்துக்கோ விடலைகள் கூடுதலாக எதிர்வினை காட்டுகின்றன. முடுக்கினால் குறைவாக ஓடுகிறது, தடுத்தால் அதிகமாக நிற்கிறது. இத்தனைக்கும் மார்ட்டின் டைச்சரும் சூசன் ஆண்டர்சனும் எண்ணிப் பார்த்ததில், ஆண் எலி மூளையில் அசைவோடு தொடர்புள்ள ஸ்ட்ரையேட்டம் பகுதியில் டோபமைன் ஏற்பிகள் (டோபமைன் வந்து ஒட்டும் புரதங்கள்) 40-ஆம் நாளை ஒட்டி உச்சத்துக்குப் போய்ப் பிறகு வெட்டிக் குறைக்கப்படுகின்றன. ஏற்பி அதிகம் இருக்கும்போது எதிர்வினை குறைவு! ஆகவே ஏற்பியின் எண்ணிக்கையை மட்டும் வைத்து எலியின் ஓட்டத்தை விளக்கிவிட முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் கால அட்டவணை வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இன்ப உணர்வோடு தொடர்புள்ள நியூக்ளியஸ் அக்கம்பென்ஸில் இந்த வெட்டுதல் அப்படி நடப்பதில்லை, நெற்றிப் பகுதி மூளையில் இன்னும் தாமதமாக நடக்கிறது.

இந்த ஓட்டத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், வயது ஒப்பீடு ஏன் இவ்வளவு சிக்கல் என்பது புரியும். கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டி, சுவரின் அடியில் வரிசையாக அகச்சிவப்புக் கதிர்கள். எலி ஒரு கதிரைக் கடந்தால் கணினியில் ஓர் எண் கூடும். மருந்து இல்லாமல் புதுப் பெட்டியில் விட்டால் எலி முதலில் சுவரை ஒட்டியே சுற்றும், பின்கால்களில் எழுந்து நிற்கும், அரை மணி போல ஆனதும் ஒரு மூலையில் முகம் துடைத்துக்கொண்டு உட்காரும், எண் ஏறுவது குறையும். நடுத்தர அளவு மருந்து கொடுத்தால் உட்காராது, சுற்றிக்கொண்டே இருக்கும், எண் எகிறும். மருந்தளவை இன்னும் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எலி ஓர் இடத்தில் நின்றுவிடும். தலை மட்டும் மேலும் கீழும் ஆடும், மூக்கு தரையின் ஒரே இடத்தை விடாமல் மோந்துகொண்டிருக்கும், அல்லது சுவரை நக்கிக்கொண்டே இருக்கும். ஸ்டீரியோடைபி என்பது இதுதான். மருந்தின் பிடி உச்சத்தில் இருக்கிறது, ஆனால் எலி கதிரைக் கடக்கவில்லை, அதனால் கணினி எண்ணைக் குறைத்துக் காட்டுகிறது.

இப்போது இரண்டு வயதை வைத்து யோசியுங்கள். வளர்ந்த எலி ஸ்டீரியோடைபிக்குள் போய்விட்டது, விடலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் விடலைக்குத்தான் மருந்து அதிகம் ஏறியிருக்கிறது என்று எழுதிவிடுவோம், நடந்ததோ அதற்கு நேர்மாறு. ஒரே ஒரு மருந்தளவில் செய்த வயது ஒப்பீட்டை இதனால்தான் நான் நம்புவதில்லை. ஹூஸ்டனில் நாச்சும் டாஃப்னியின் ஆய்வகம் பல ஆண்டுகளாக 0.6, 2.5, 10 மி.கி. என்று மூன்று அளவுகளை வைத்துக்கொண்டு, முதல் நாள் வெறும் உப்புநீர், பிறகு ஆறு நாள் மருந்து, மூன்று நாள் இடைவெளி, மறுபடியும் மருந்து என்ற ஒரே வரிசையைப் பல இனங்களிலும் வயதுகளிலும் திரும்பத் திரும்ப ஓட்டியது. சலிப்பான வேலைதான், ஆனால் ஒப்பீடு என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும்.

அடிப்படை ஓட்டமும் ஒரு பொறி. விடலை எலி மருந்தே இல்லாமல் அதிகம் திரியும். ஒரு பேச்சுக்கு, உப்புநீர் ஊசியில் விடலை 2,000 கதிரும் வளர்ந்தது 1,000 கதிரும் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்துக்குப் பிறகு விடலை 4,000, வளர்ந்தது 2,500. கூடிய எண்ணிக்கையைப் பார்த்தால் விடலைக்கு 2,000, வளர்ந்ததற்கு 1,500, ஆக விடலை முந்துகிறது. விழுக்காட்டில் பார்த்தால் விடலைக்கு 100, வளர்ந்ததற்கு 150, வளர்ந்தது முந்துகிறது. ஒரே தரவில் இருந்து இரண்டு எதிரெதிர் தலைப்பு எழுதலாம். அதனால் கச்சா எண்களைத் தராமல் விழுக்காட்டை மட்டும் தருகிற கட்டுரை என்றால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அப்புறம் அந்த ஜோடி ஆய்வுகள். 2001 ஆய்வு பிராண்டன், மரினெல்லி, வைட் ஆகியோரின் குழுவுடையது. விடலை எலிகளுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் மருந்து கொடுத்தார்கள், பிறகு எலி தானே இயக்கி ரத்தக் குழாய் வழியாகக் கொகெய்ன் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் விட்டார்கள். மருந்து ஏறியவை கூடுதலாக எடுத்துக்கொண்டன. சென்சிடைசேஷன் என்று சொல்வார்களே, முந்தைய மருந்தால் மூளை பழகிக் கூர்மையாகி, அடுத்த முறை அதே அளவுக்கே அதிகம் துள்ளுவது, அந்தப் பாதையில் இது சரியாகப் பொருந்துகிறது.

2002 ஆய்வு ஆண்டர்சன், கார்லெசான் குழுவுடையது. குட்டிகளுக்கு 20-ஆம் நாள் முதல் 35-ஆம் நாள் வரை தினம் இரண்டு வேளை ஊசி, பிறகு மருந்தே கிடையாது, 60-ஆம் நாளை ஒட்டி, அதாவது வளர்ந்த பிறகு, சோதனை. இவர்கள் பயன்படுத்தியது இட விருப்பச் சோதனை. பெட்டியில் இரண்டு அறை, தரையும் சுவரும் வேறு வேறு. ஓர் அறையில் கொகெய்ன், மற்றதில் உப்புநீர், பிறகு ஒருநாள் ஊசி எதுவும் இல்லாமல் நடுக்கதவைத் திறந்துவிட்டு எலி எங்கே அதிக நேரம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். சாதாரண எலி கொகெய்ன் அறையில் போய் உட்காரும். குட்டியாக இருந்தபோது மருந்து வாங்கிய எலிகள் நடுத்தர அளவு கொகெய்ன் கொடுத்த அறையைத் தவிர்த்தன, அளவைக் கூட்டியபோதும் மற்ற எலிகள் அளவுக்கு ஆசைப்படவில்லை. அக்கம்பென்ஸில் கிரெப் என்ற புரதம் அதிகமானால் கொகெய்ன் கசந்துவிடுகிறது என்று கார்லெசான் 1998-லேயே காட்டியிருந்தார், இந்த எலிகளின் நடத்தையும் அதோடு ஒத்துப்போனது.

இதைக் கேட்டதும் பலருக்கு மகிழ்ச்சி: பார்த்தீர்களா, சிறு வயதிலேயே மருந்து தொடங்கினால் பின்னாளில் போதையில் இருந்து பாதுகாப்பு! எனக்கு அப்படிப் படிக்க மனம் வரவில்லை, காரணம் 2003-இல் வந்த அடுத்த ஆய்வுகள். அதே மருந்தளவு, அதே 20 முதல் 35 வரை. போலன்யோஸ் குழு பார்த்தபோது அந்த எலிகள் வளர்ந்த பிறகு சர்க்கரைத் தண்ணீரிலும் புதிய சூழலிலும் இணை சேர்வதிலும் நாட்டம் குறைந்தவையாக இருந்தன, பதற்றம் காட்டும் சோதனைகளில் அதிகம் பதறின. கார்லெசானின் நீச்சல் சோதனையில் அவை சீக்கிரமே நீந்துவதை விட்டுவிட்டு மிதந்தன. அதாவது இந்த எலிகளுக்குக் கொகெய்ன் மட்டும் பிடிக்காமல் போகவில்லை, பிடிக்க வேண்டிய பலவும் மங்கிப்போயிருந்தன. கொகெய்ன் வேண்டாம் என்று ஒதுங்குவதைத் தனியாக எடுத்துக் கொண்டாடுவது, அந்த எலியின் மீதி வாழ்க்கையைப் பார்க்க மறுப்பது.

அப்படியென்றால் இரண்டு ஆய்வும் எதிரெதிரானதற்கு வயதுதான் காரணமா? பெரும்பங்கு வயதுக்கு என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் முழுவதையும் அதன் தலையில் கட்ட முடியாது. ஒன்றில் ஏறக்குறைய ஒரு வாரம், இன்னொன்றில் 16 நாள், அதுவும் தினம் இரண்டு வேளை. ஒன்றில் எலி தானே உழைத்து எடுத்துக்கொள்கிற சோதனை, இன்னொன்றில் அறையைத் தேர்ந்தெடுக்கிற சோதனை, இரண்டும் ஒரே ஆசையை அளக்கின்றன என்று சொல்லிவிட முடியாது. கடைசி ஊசிக்கும் சோதனைக்கும் நடுவே விட்ட காலமும் ஒன்றில்லை, இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் மருந்து கொடுத்த வயது வேறு, சோதித்த வயது வேறு. 40-ஆம் நாளில் கொடுத்து 45-இல் பார்த்தால் தெரிவது விடலை மூளையின் உடனடி எதிர்வினை. 25-இல் கொடுத்து 60-இல் பார்த்தால் தெரிவது, மருந்தோடு சேர்ந்து வளர்ந்த மூளை கடைசியில் எப்படி அமைந்தது என்பது. இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் "வயது விளைவு" என்ற ஒரே தலைப்பின் கீழ் போடவே கூடாது.

கொடுக்கும் வழியும் கணக்கில் வரும். குழந்தைகள் மாத்திரையை விழுங்குகிறார்கள், எலிகளுக்குப் பெரும்பாலும் வயிற்றறை ஊசி. அதே அளவை ஊசியில் கொடுத்தால் அக்கம்பென்ஸில் டோபமைன் வாய்வழியைவிட அதிகமாகவும் வேகமாகவும் ஏறுகிறது, கொகெய்ன் போலப் பழக்கம் பிடிக்கவைப்பது அந்த வேகமான ஏற்றம்தான். எலியின் உடல் மருந்தை மனித உடலைவிடச் சீக்கிரம் கழித்தும் விடுகிறது, மனிதரில் ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறதென்றால் எலியில் அது ஏறக்குறைய ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவோதான். குசென்ஸ்கியும் சீகலும் 2002-இல் விடலை எலிகளுக்கு 0.75 முதல் 3 மி.கி. வரை வாய்வழியாகக் கொடுத்தார்கள். நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் பகுதியில் நோர்அட்ரினலின் கூடியது, அக்கம்பென்ஸில் டோபமைன் பெரிதாக அசையவில்லை, சென்சிடைசேஷனும் வரவில்லை. இந்த ஒரு முடிவை மனதில் வைத்துக்கொண்டு 2001 ஆய்வைத் திரும்பப் படித்தால், அந்த எலிகள் காட்டிய கொகெய்ன் நாட்டத்தில் எவ்வளவு வயதால் வந்தது, எவ்வளவு ஊசியால் வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது.

ஆனால் குறைந்த அளவு என்றாலே குட்டிக்குப் பாதிப்பில்லை என்று அவசரமாக முடிவு கட்டவும் வேண்டாம். வளர்ந்த எலியில் குறைந்த அளவு மெத்தில்ஃபெனிடேட் நெற்றிப் பகுதி மூளையைத்தான் முதலில் தொடுகிறது, வேலை நினைவு (தகவலைச் சிறிது நேரம் மனதில் பிடித்து வைத்துப் பயன்படுத்தும் திறன்) மேம்படுகிறது, ஆர்ன்ஸ்டென் குழு இதை 2005-இல் வாய்வழி 1 முதல் 2 மி.கி. அளவில் காட்டியது. 2012-இல் அர்பன், கோ குழு குட்டி எலிகளின் அதே பகுதியில் உள்ள நரம்பு செல்களைப் பார்த்தபோது, சிகிச்சை அளவை ஒத்த சிறு அளவுக்கே அவற்றின் துடிப்பு அடங்கிப்போனது, வளர்ந்த எலியின் செல்கள் அப்படி அடங்கவில்லை. வளர்ந்த மூளையில் கூர்மையைக் கூட்டுகிற அளவு, இன்னும் கட்டி முடிக்காத மூளையில் அளவு மீறியதாகிவிடலாம். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எடையைச் சரிக்கட்டினால் போதாது, மூளையின் வயதுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

மனிதர்களிடம் இதை நேரடியாகச் சோதிப்பது கடினம், ஆனால் ஒரு முயற்சி நடந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஏ.டி.ஹெச்.டி. உள்ள, அதற்கு முன் ஊக்கி மருந்தே எடுக்காத 10 முதல் 12 வயதுச் சிறுவர்களையும் 23 முதல் 40 வயது ஆண்களையும் சேர்த்து 99 பேருக்கு, 16 வாரம் மெத்தில்ஃபெனிடேட் அல்லது போலி மாத்திரை கொடுத்தார்கள், முடிவு 2016-இல் வெளிவந்தது. சிகிச்சை முடிந்து மருந்தை நிறுத்திய பிறகு, ஒரு தடவை மருந்து கொடுத்து மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்த்தபோது, மருந்து எடுத்த சிறுவர்களின் மூளையில் தலாமஸ் என்ற பகுதியில் எதிர்வினை மாறியிருந்தது. பெரியவர்களிடமும் போலி மாத்திரைக்காரர்களிடமும் அப்படி மாறவில்லை. எலியில் பார்த்த அதே வடிவம்: ஒரே மருந்து, வளரும் மூளையில் மட்டும் தடம். அந்தத் தடம் நல்லதா கெட்டதா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. போதைப் பழக்கம் பற்றிய பயத்துக்கு வேறு பதில் இருக்கிறது. 2013-இல் 15 நீண்டகால ஆய்வுகளில் இருந்து 2,500-க்கும் மேற்பட்டவர்களின் தரவைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறுவயதில் ஊக்கி மருந்து எடுத்தது பின்னாளில் போதைப் பழக்கத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இதைப் படிக்கிற பெற்றோர் யாராவது குழந்தைக்குக் கொடுக்கும் மாத்திரையை எலி ஆய்வை நம்பி நிறுத்திவிட வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். மேலே சொன்ன ஜோடி ஆய்வுகளில் இருந்தவை ஆரோக்கியமான எலிகள், கவனக் குறைபாட்டால் பள்ளியிலும் வீட்டிலும் திண்டாடுகிற குழந்தையின் நிலை அவற்றுக்கு இல்லை, சிகிச்சை செய்யாமல் விடுவதன் விலையும் அவற்றுக்கு இல்லை. எந்த வயதில் தொடங்குவது, எவ்வளவு, எப்போது நிறுத்திப் பார்ப்பது என்று மருத்துவரிடம் கேட்பதற்கு இந்த ஆய்வுகள் நல்ல காரணம், அந்த அளவில் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆய்வு செய்கிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. மருந்து கொடுக்கும் வயது இரண்டு, சோதிக்கும் இடைவெளி இரண்டு, வாய்வழி, குறைந்தது மூன்று மருந்தளவு, ஓட்டத்தோடு ஸ்டீரியோடைபியையும் கண்ணால் பார்த்துக் குறிப்பது, ஒரு ஈற்றில் இருந்து ஒரு குழுவுக்கு ஒரு குட்டிக்கு மேல் எடுக்காமல் இருப்பது (ஒரே தாயின் ஆறு குட்டிகளை ஆறு தனி எலிகளாக எண்ணினால் கணக்கு பொய்த்துவிடும்), இவ்வளவும் ஒரே ஆய்வில் இருந்தால் 2001-க்கும் 2002-க்கும் நடுவில் உள்ள முடிச்சில் பாதி அவிழும். மீதிப் பாதி பெண் எலிகளிடம் இருக்கிறது. ஸ்ட்ரையேட்டத்தின் ஏற்பிகள் 40-ஆம் நாளில் உச்சத்துக்குப் போய்க் குறைவது ஆண் எலிகளில்தான் பெரிதாக நடக்கிறது, பெண் எலிகளில் அந்த ஏற்றமே சிறியது, பருவமடைவதும் ஆணைவிட முன்னதாகவே வந்துவிடுகிறது. அப்படியிருக்க, மருந்து ஆழமாகத் தடம் பதிக்கிற வாரம் இரண்டு பாலுக்கும் ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. ஆம்ஸ்டர்டாம் ஆய்விலும் பெண்கள் ஒருவர்கூட இல்லை.